இளைஞர் மனநலத்தில் சக ஆதரவாளர்: மைசூரு மண்டி மொஹல்லாவை முன்வைத்து

மனநலத் துறையில் சக ஆதரவாளர் என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ போதைப் பழக்கத்தையோ சாக வேண்டும் என்ற எண்ணத்தையோ தானே கடந்து வந்து, அந்த அனுபவத்தைக் கொண்டு இன்னொருவருக்குத் துணை நிற்பவர் என்பது முதற்பொருள். நோய் இன்னதென்று சொல்வதும் மருந்து எழுதித் தருவதும் அவர் வேலை அல்ல. முதன்முறை மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவருடன் கூடப் போவது, மாத்திரையால் வரும் தூக்கக் கலக்கத்தை எப்படிச் சமாளித்தேன் என்று சொல்வது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் தினமும் ஒருமுறை போன் செய்து விசாரிப்பது ஆகியவை அவர் வேலை. இரண்டாவது பொருள் இதைவிட எளியது. வயதாலும் ஊராலும் பேச்சாலும் ஒத்தவர் யாராயினும் சக ஆதரவாளர் ஆகலாம். நோயின் அனுபவம் அவருக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் அரசு நடத்தும் இளைஞர் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டன. முதற்பொருள் அரசாணைகளின் ஓரத்தில்தான் இன்னும் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் தன்னார்வலர் திட்டங்களையே சக ஆதரவு என்று எண்ணிக்கொள்ள நேரிடும்.

முதற்பொருளில் இந்தப் பணி பழமையானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் பொறுப்பாளராக இருந்த ஜான் பாப்திஸ்த் புஸ்ஸான், குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாக அமர்த்தினார். அவரும் ஒரு காலத்தில் அதே இடத்துக்குக் கண்டமாலை நோய்க்காக வந்து சேர்ந்தவர். இப்படி வந்த பணியாளர்கள் மற்றவர்களைவிடக் கனிவாக நடந்துகொண்டதை மருத்துவர் ஃபிலிப் பினெல் எழுதி வைத்தார். அமெரிக்காவில் கிளிஃபோர்ட் பியர்ஸ் தன் நோயையும் மருத்துவமனை அனுபவத்தையும் 1908இல் நூலாக்கியபின் மனநலச் சீர்திருத்தம் ஓர் இயக்கமாகவே உருப்பெற்றது. ஆயினும் இந்த வேலைக்கு அரசுக் கணக்கில் ஒரு தலைப்பு கிடைக்க அந்த நூற்றாண்டு முடிய வேண்டியிருந்தது. ஜார்ஜியா மாநிலம் 1999இல் சான்றிதழ் பெற்ற சக ஆதரவாளரின் பணிக்கு மெடிக்எய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து ஊதியம் தரத் தொடங்கியது. 2007 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி மூன்று நிபந்தனைகளை விதித்தது: முறையான பயிற்சி, தகுதியுள்ளவரின் மேற்பார்வை, நோயாளியின் பராமரிப்புத் திட்டத்தோடு இணைந்த வேலை. இன்று எந்த நாட்டிலும் இந்தப் பணியை அளக்க இந்த மூன்றும் நல்ல அளவுகோல்.

இளைஞர்களுக்கு இது ஏன் தனியாகத் தேவை என்பதற்கு விடை, நோய் தொடங்கும் வயதில் இருக்கிறது. 2021இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, மனநோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது 14 வயதுக்கு முன்பும், பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பும், 62 சதவீதத்தினருக்கு 25 வயதுக்கு முன்பும் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதைக் கண்டது. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் விகிதம், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். படிப்பை விட்டு வேலைக்குப் போன பதினெட்டு வயதுப் பையன் இந்த மாணவர் எண்ணிக்கைக்குள் வரமாட்டான். செய்தித்தாளும் நீதிமன்றமும் மாணவர் தற்கொலையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் கடையிலும் பட்டறையிலும் இருக்கும் இளைஞனின் துயரத்துக்கு அதே அளவு கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட இளைஞர்கள் நிறைந்த ஒரு பகுதி மைசூருவின் மண்டி மொஹல்லா. கோட்டை, லஷ்கர், தேவராஜா, கிருஷ்ணராஜா, சாமராஜா, நஜர்பாத் ஆகியவற்றோடு சேர்த்துப் பழைய நகரம் ஏழு மொஹல்லாக்களாகப் பிரிந்திருந்தது. மண்டி அவற்றில் ஒன்று. தமிழில் அரிசி மண்டி, வெங்காய மண்டி என்று வழங்கும் அதே சொல்தான் இந்தப் பெயரிலும் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இப்பகுதியில் வீட்டுப் பேச்சு தக்கனி உருது, கடைப் பேச்சு கன்னடம்; தமிழும் காதில் விழும். தேவராஜ மார்க்கெட்டும் கே.ஆர். மருத்துவமனையும் நடந்து போகும் தூரம். 1924இல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆகவே இங்கே சிகிச்சை கிடைக்காததற்குத் தொலைவைக் காரணம் சொல்ல முடியாது. புறநோயாளிப் பிரிவு இயங்கும் பகல் நேரம்தான் கடை வேலைக்கும் உரிய நேரம். மனநலப் பிரிவின் வரிசையில் நிற்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், அடுத்த வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு வரை அது போகும். இதற்கெல்லாம் முன்பாக, தனக்கு வந்திருப்பது ஒரு நோய் என்று சொல்லிக்கொள்ளவே சொல் இருப்பதில்லை. தக்கனியில் ‘தில் நை லக்ரா’ என்றால் எதிலும் மனம் ஒட்டவில்லை என்று பொருள். கன்னடத்தில் ‘பேஜாரு’ என்ற ஒரே சொல் அலுப்புக்கும் வருத்தத்துக்கும் மனம் நொந்துபோவதற்கும் வரும். அந்தச் சொற்களைக் கேட்டதும், இது வெறும் அலுப்பா, இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாத நிலையா என்று பிரித்தறியத் தெரிந்த ஒருவர் அதே தெருவில் வேண்டும். மருத்துவரை ‘சார்’ என்று அழைக்கும் பையன் அந்த ஒருவரை ‘பாய்’ என்றோ ‘அண்ணா’ என்றோ அழைப்பான். சக ஆதரவின் வலு அந்த விளிப்பில் தொடங்குகிறது.

யுவ ஸ்பந்தன

கர்நாடகம் இதற்கு வெற்று நிலம் அல்ல. பெங்களூரின் நிம்ஹான்ஸ், மைசூர் சமஸ்தானம் நடத்திவந்த மனநோய் மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து உருவானது. மனநல மருத்துவத்தை மாவட்ட அளவில் பரவலாக்க முடியும் என்பதை 1980களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்து காட்டியதும் அந்த நிறுவனமே. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் அந்தப் பெல்லாரி அனுபவத்திலிருந்து பிறந்தது. இளைஞர்களை மட்டும் மையமாகக் கொண்ட முயற்சி அதன்பின் வந்தது. கர்நாடக அரசின் இளைஞர் மேம்பாடு மற்றும் விளையாட்டுத் துறையும் நிம்ஹான்ஸின் கொள்ளைநோயியல் துறையும் சேர்ந்து, வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஆலோசனைச் சேவையும் தரும் திட்டத்தை உருவாக்கின. அதுவே யுவ ஸ்பந்தன என்ற பெயரில் மாவட்டம்தோறும் பரவியது.

இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, அது எந்தத் துறையில் இருக்கிறது என்பது. அதன் மையங்களை மருத்துவமனையில் வைக்காமல் விளையாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகங்களோடு சேர்த்து வைத்தார்கள். மைசூருவில் அந்தத் துறை நஜர்பாத்தின் சாமுண்டி விஹார் விளையாட்டரங்கில் இயங்குகிறது. விளையாட்டரங்குக்குள் நுழையும் இளைஞனைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். சிறிய நிர்வாக முடிவுதான் என்றாலும், வெட்கத்தைக் குறைக்கப் பெரிய விளம்பரம் செய்யாததை இது செய்கிறது. அடுத்தது, மையத்தில் வரும் பேச்சின் வகை. நோயின் பெயரோடு யாரும் வர வேண்டியதில்லை. உடல்நலமும் வாழ்க்கை முறையும், படிப்பு, ஆளுமை வளர்ச்சி, உறவுகள், பாதுகாப்பு, பாலினமும் பாலியலும் என்று எந்த வாசல் வழியாகவும் வரலாம். தேர்வுப் பயம் என்று தொடங்கிய பேச்சு வீட்டில் நடக்கும் அடிதடியில் போய் நிற்பது இந்த வேலையில் இருப்பவர்கள் அறிந்ததே.

மையத்தில் வேலை செய்பவர்கள் யுவ சமாலோசகர், யுவ பரிவர்த்தகர் என்று அழைக்கப்படுகிறார்கள். முதற்பெயர் ஆலோசகரைக் குறிக்கும். இரண்டாவது, மாற்றத்தைக் கொண்டுவருபவர் என்ற பொருளுடையது. பரிவர்த்தகர்களும் இளைஞர்களே. நிம்ஹான்ஸ் தரும் பயிற்சிக்குப்பின் கல்லூரிகளுக்கும் ஊர்களுக்கும் போய்ப் பேசுவது, தேவைப்படுபவரை மையத்துக்கு அழைத்துவருவது, அவருக்கு அடிப்படை ஆலோசனை தருவது, கடுமையான நிலையில் இருப்பவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது, பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிப்பது என அவர்கள் வேலை நீள்கிறது. அரசுப் பணத்தில் இயங்கும் இளைஞர் மனநலச் சக ஆதரவுக்கு இந்தியாவில் மிக அருகில் வரும் மாதிரி இது என்று சொல்லத் தடையில்லை. ஆயினும் பரிவர்த்தகர் வயதால் சகர். அனுபவத்தால் சகராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி அனுபவம் உள்ளவர் அந்த வேலையில் இருந்தால், அதைச் சொல்லலாமா கூடாதா என்பது அவரவர் துணிவுக்கு விடப்பட்டிருக்கிறது.

மற்றத் திட்டங்களும் மொஹல்லாவின் இடைவெளியும்

மத்திய அரசின் ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2014 ஜனவரியில் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கான ஆறு பொருள்களில் மனநலமும் ஒன்று. ‘சாத்தியா’ எனப்படும் சகக் கல்வியாளர்கள் தம் வயதொத்தவர்களைச் சிறு குழுவாகக் கூட்டிப் பேச வேண்டும்; சிக்கல் பெரிதானால் வளரிளம் பருவத்தினருக்கான சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கர்நாடகத்தில் அந்த மையத்துக்கு ‘ஸ்நேஹ கிளினிக்’ என்று பெயர். திட்டத்தின் வரைவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சகக் கல்வியாளர் ஏற்பாடு கிராமத்தை அலகாகக் கொண்டது. நகரத்தின் பழைய மொஹல்லா அந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2020இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதர்களாகவும், வகுப்புக்கு இரண்டு மாணவர்களைத் தகவல் கொண்டுசேர்ப்பவர்களாகவும் அமர்த்துகிறது. அது பள்ளிக்கூடத்து மதிலோடு முடிந்துவிடும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழ், கன்னடம், உருது உட்படப் பல மொழிகளில் இயங்குகிறது. 2024க்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. தொலைபேசி எந்தத் தெருவுக்கும் வரும் என்பது அதன் பலம். மறுமுனையில் பேசுபவர் தெருவைத் தெரிந்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி, காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நிற்கும் ஒருவனை மனத்தில் வைத்து இந்தத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இடைவெளி தெரியும். பள்ளித் திட்டத்துக்கு அவன் வெளியே. கிராமத் திட்டத்துக்கும் வெளியே. மாவட்ட மையம் திறந்திருக்கும் நேரத்தில் அவனுக்கு ஓய்வில்லை. வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத இளம்பெண்ணின் நிலை இதைவிடக் கடினம். அவள் கையில் தனியாக ஒரு போன் இருக்கும் என்ற உறுதிகூட இல்லை. மொஹல்லாவில் சக ஆதரவாளராக வேலை செய்பவர் மாலைத் தொழுகைக்குப் பின்னும் கடைகளின் வார விடுமுறையிலும்தான் தன் வேலையைச் செய்ய முடியும். பெண்களுக்குப் பெண் ஆதரவாளர் வேண்டும். தாயின் நம்பிக்கையைப் பெறாமல் மகளோடு தனியாகப் பேச முடியாது. பேய்பிடித்தது, கண்பட்டது என்று குடும்பம் தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துச் செல்வதை இகழ்ந்து பேசுபவரிடம் யாரும் மறுபடி வரமாட்டார்கள். குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாமல், அங்கேயே மருத்துவரையும் மருந்தையும் கொண்டுவந்த ‘தவா–துவா’ ஏற்பாடு இதற்குச் சரியான முன்னுதாரணம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப்பின் எழுந்த கேள்வி, நம்பிக்கையிடத்தையும் மருத்துவத்தையும் எப்படி இணைப்பது என்பதுதான். மொழியும் மரபும் தெரிந்த உள்ளூர்க்காரரால்தான் இது கைகூடும்.

மைசூரு ஏற்கெனவே கற்ற பாடம்

சகர்களைக் கொண்டு அரசுப் பணி செய்வதில் மைசூருவுக்கு வேறொரு துறையில் நீண்ட அனுபவம் உண்டு. எச்.ஐ.வி. தடுப்புக்காக 2004இல் இங்கே தொடங்கிய பணியிலிருந்து அஷோதயா சமிதி என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பு உருவானது. தொடக்கத்தில் வெளியாட்கள் நடத்திய வேலையைப் படிப்படியாக அந்தத் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். சகக் கல்வியாளர்கள் தம்மைப் போன்றவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள், மருத்துவமனைக்கு உடன் சென்றார்கள், காவலர் அத்துமீறினால் கூடிநின்று கேட்டார்கள். ஆணுறைப் பயன்பாடு கூடியதும் பால்வினை நோய்கள் குறைந்ததும் ஆய்வுகளில் பதிவாயின. நாடெங்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு சகக் கல்வியாளரை நிதி ஒதுக்கீட்டுடன் கூடிய ஒரு பணியிடமாகவே வைத்தது.

மனநலத்துக்கு இந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சகர் இங்கே செய்தி சொல்பவராக மட்டும் நிற்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து திட்டத்தின் போக்கை மாற்றினார். அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. தனியாள் சோர்ந்தாலும் வேலை நின்றுவிடவில்லை. எந்த அடையாளத்தை ஊர் இழிவாகப் பார்த்ததோ அதையே தகுதியாகக் கருதி ஊதியம் கொடுத்தார்கள். மனநோயின் அனுபவத்தை இதேபோலத் தகுதியாக ஏற்க அரசு தயங்குவதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

மருத்துவமனைக்குள் சகர்: குஜராத்தும் தமிழ்நாடும்

அனுபவத்தைத் தகுதியாகக் கொண்ட சக ஆதரவு அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தது குஜராத்தில். உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டி ரைட்ஸ் முறையை 2014 முதல் அம்மாநில அரசு மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தியபோது, புனேயின் மனநலச் சட்டம் மற்றும் கொள்கை மையம் துணைநின்றது. சிகிச்சை பெற்றுத் தேறியவர்கள் சக ஆதரவுத் தன்னார்வலர்களாக வார்டுக்குள் வந்தார்கள். ‘மைத்ரி’ என்ற ஆதரவுக் குழுக்களும் அமைந்தன. பின்னர் ஜெர்மனி, உகாண்டா, தான்சானியா, இஸ்ரேல், இந்தியா ஆகிய நாடுகளில் ஒரே நேரத்தில் சக ஆதரவை ஆராய்ந்த அப்சைட்ஸ் திட்டத்திலும் குஜராத் இடம்பெற்றது. புதிதாக அனுமதிக்கப்பட்டு மிரண்டு உட்கார்ந்திருப்பவரிடம், ‘போன வருஷம் இதே கட்டிலில் நான் படுத்திருந்தேன்’ என்று ஒருவர் சொல்வதற்கு ஈடான வாக்கியம் மருத்துவரிடம் கிடையாது.

தமிழ்நாட்டில் 1993இல் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, மீண்டுவந்த பெண்களையும் உள்ளூர்ப் பெண்களையும் சமூகப் பணியாளர்களாக அமர்த்தி ‘நலம்’ திட்டத்தை நடத்துகிறது. அரசின் பக்கத்தில், 2022 டிசம்பரில் மருத்துவ மாணவர்களை முன்னிட்டுத் தொடங்கிய ‘மனம்’ எனப்படும் மனநல நல்லாதரவு மன்றங்கள் உள்ளன. கல்லூரிக்குள் மாணவர்களையே ஒருவருக்கொருவர் துணையாக்கும் எண்ணம் நல்லது. கல்லூரிக்கு வெளியே இருப்பவனுக்கு மன்றம் எங்கே என்ற பழைய கேள்வி இங்கும் எழுகிறது.

ஆய்வுகள் சொல்வது

சக ஆதரவை விரும்புகிறவர்கள் அதன் பலனை மிகைப்படுத்தக் கூடாது. 2013இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 11 சோதனைகளில் கலந்துகொண்ட 2,796 பேரின் தரவைப் பார்த்தது. அனுபவமுள்ள பணியாளர்களிடம் சேவை பெற்றவர்களின் நிலை, தொழில்முறைப் பணியாளர்களிடம் பெற்றவர்களைவிட மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை. இதை ஏமாற்றமாகப் படிப்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நாட்டில் இதை அப்படிப் படிக்கத் தேவையில்லை. கீழாக இல்லை என்பதே பெரிய செய்தி. 2018இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வு இதைவிடத் தெளிவான பலனைக் காட்டியது. நெருக்கடிப் பிரிவிலிருந்து வெளியேறிய 441 பேரில், சக ஆதரவாளரின் உதவியோடு தன்னைக் கவனித்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவர்களில் 29 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் மறுபடி கடுஞ்சிகிச்சைக்குத் திரும்பினார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதத்தினர்.

இவை பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள். இளைஞர்களைப் பொறுத்தவரை இந்தியாவிலேயே நடந்த ஒன்று மிகவும் பயன் தரும். பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடந்த ‘செஹர்’ ஆய்வில், ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரும், வேறு சிலவற்றில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, தொழில்முறைப் பட்டம் இல்லாத ஆலோசகரும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆலோசகர் மாணவர்களின் சகர் அல்லர் என்பதால் இது சக ஆதரவுக்கு நேரடிச் சான்று ஆகாது. ஆனால் ஏற்கெனவே வேலைப்பளு உள்ள ஒருவர் தலையில் மனநலத்தையும் ஏற்றினால் ஒன்றும் நடக்காது, இதற்கென்றே ஒருவர் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. கூடுதல் பொறுப்பு என்ற ஒற்றை வரியில் வேலையை ஒப்படைக்கும் பழக்கமுள்ள அலுவலகங்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

வேலையின் எல்லைகள்

சக ஆதரவாளரின் அன்றாடத்தில் மிகக் கடினமானது, தன் கதையை எவ்வளவு சொல்வது என்பது. கொஞ்சமும் சொல்லாவிட்டால் அவருக்கும் ஆலோசகருக்கும் வேறுபாடு இல்லை. அதிகமாகச் சொன்னால் பேச்சு எதிரில் இருப்பவரை விட்டு இவரைச் சுற்றத் தொடங்கும். நல்ல பயிற்சியில் இதற்கே பல அமர்வுகள் ஒதுக்குவார்கள்: தன் அனுபவத்தின் எந்தப் பகுதி எதிரிலிருப்பவருக்கு இப்போது உதவும், எந்தப் பகுதி தனக்கே இன்னும் ஆறாத புண் என்று பிரிக்கப் பழக வேண்டும்.

அடுத்தது இரகசியம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் தகவலை வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. மண்டி மொஹல்லா போன்ற நெருக்கமான இடத்தில் சட்டத்தைவிடத் தெருவே பெரிய சோதனை. ஆதரவாளர் யார் வீட்டுப் படியேறுகிறார் என்பதே செய்தியாகிவிடும். ஆகவே சந்திக்கும் இடத்தை மையமோ நூலகமோ விளையாட்டுத் திடலோ என்று பொதுவாக வைப்பது நல்லது. இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அறிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. இருபது வயதுத் தன்னார்வலரிடம் இந்தச் சுமையைக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்க ஒரு தொலைபேசி எண்கூடத் தராமல் விடுவது அவருக்கும் அநீதி, தேடிவந்த பிள்ளைக்கும் அநீதி. பேச்சைத் தொடங்கும்போதே, ‘சில விஷயத்தை மட்டும் நான் மறைக்க முடியாது’ என்று சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

ஆதரவாளரின் சொந்த நலமும் வேலையின் பகுதியே. இன்னொருவரின் சாவெண்ணத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் இரவு, தானே அந்த வழியில் நடந்துவந்தவருக்கு எளிதல்ல. வாரம் ஒருமுறை மேற்பார்வை, நோய் திரும்பினால் வேலை போகாது என்ற உறுதி, இன்னொரு ஆதரவாளரோடு இணைந்து செய்யும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பதவியும் ஊதியமும்

மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர், கண்காணிப்பு அலுவலர், பதிவு உதவியாளர், வார்டு உதவியாளர் ஆகியோர் உண்டு. சக ஆதரவாளர் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத வேலைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு இல்லாத வேலை தன்னார்வம் ஆகிவிடுகிறது. ஆஷா பணியாளர்கள் 2005 முதல் தன்னார்வலர் என்ற பெயரிலேயே நாட்டின் பொதுச் சுகாதாரத்தைத் தாங்கி, மதிப்பூதியத்தை ஊதியமாக்கக் கேட்டுக் கர்நாடகத்தில் மீண்டும் மீண்டும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அதே வழியில் இன்னொரு கூட்டத்தை, அதிலும் நோயிலிருந்து மீண்டவர்களை, நடத்தக் கூடாது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணை ‘மனநல ஆதரவுப் பணியாளர்’ என்ற வகையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதற்கான பாடத்திட்டத்தில் வாழ்ந்து பெற்ற அனுபவத்தை ஒரு தகுதியாக எழுதிவிட்டால் பெரிய கதவு திறக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் ஒதுக்கிய 4 சதவீதத்துக்குள் மனநோய் உள்ளவர்களையும் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் மத்திய ஆணையத்திலும், மாவட்ட அளவிலான மறுஆய்வு வாரியங்களிலும் மனநோய் அனுபவம் உள்ளவர்களுக்கு இடம் வைத்திருக்கிறது. வாரியத்தில் சட்டம் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தவரை, மாவட்ட அலுவலகம் ஒரு பணியாளராகச் சேர்க்கத் தயங்குவது பொருந்தவில்லை.

கல்வித் தகுதியை எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு சிக்கல். பட்டப்படிப்பு கட்டாயம் என்றால் கடையில் வளர்ந்த பையனும் பத்தாவதோடு நின்ற பெண்ணும் வெளியே நிற்பார்கள். மொஹல்லாவில் அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்களே. எழுதப் படிக்கத் தெரிவது, இரண்டு மொழி பேசுவது, குறைந்தது ஓராண்டு நிலையாக மீண்டிருப்பது, பயிற்சியை முடிப்பது என்று தகுதியை வைப்பது அறிவார்ந்த முறை. பதிவேடு எழுதுவதைக் குறைத்து, குரல்பதிவாகவோ எளிய படிவமாகவோ மாற்றிக்கொள்ளலாம். நேரமும் மொஹல்லாவின் நேரமாக, மாலையும் ஞாயிறும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அலுவலக நேரத்துக்குள் அடைத்தால் ஆதரவாளர் கோப்புகளோடுதான் இருப்பார்.

இந்தப் பணிக்கே உரிய ஒரு சிக்கல் கடைசியில் எஞ்சுகிறது: இளைஞர் சக ஆதரவாளர் என்றைக்கும் இளைஞராக இருக்கமாட்டார். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரையுள்ளவர்களை இளைஞர் என்கிறது. இருபத்திரண்டில் வேலைக்கு வந்தவர், தெருவின் நம்பிக்கையைப் பெற்று வேலையை நன்கு கற்றுத் தேர்ந்திருக்கும் முப்பதாவது வயதில், திட்டத்தின் கண்ணில் வெளியாளாகிவிடுகிறார். ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டால் எட்டு ஆண்டு அனுபவம் வீணாகும். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருபவர், சக ஆதரவாளர்களின் மேற்பார்வையாளர், டெலி மானஸில் ஆலோசகருக்குத் துணை, மறுஆய்வு வாரிய உறுப்பினர் என்று அடுத்த படிகளை முதல் நியமன ஆணையிலேயே எழுதி வைக்க முடியும். மண்டி மொஹல்லாவில் முதல் தலைமுறை ஆதரவாளர்கள் முப்பதைத் தாண்டும்போது, அவர்களை ‘பாய்’ என்று அழைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலர் அடுத்த தலைமுறை ஆதரவாளர்களாகும் வயதுக்கு வந்திருப்பார்கள்.